கவனம் சிதறுவது சோம்பல் அல்ல

“அந்த அக்காவுக்கு இப்போது வேலையில் மனமில்லை.” தோட்டங்களில் இந்தப் பேச்சை நாம் அடிக்கடி கேட்கிறோம். இருபது, முப்பது வருடம் தவறாமல் முழுப்பேர் போட்டவர். இப்போது கொழுந்தோடு முற்றிய இலையும் கூடைக்குள் விழுகிறது. நிறுவையில் கிலோ வெட்டுகிறார்கள். காலையில் பிரட்டில் சொன்னது மத்தியானத்துக்குள் மறந்து போகிறது. மலையில் ஏச்சு, லயத்திலும் ஏச்சு. இப்படி ஏச்சு வாங்குவோரில் 45 வயதைத் தாண்டிய பெண்கள் எத்தனை பேர் என்று நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

மாதவிடாய் பெரும்பாலும் 50 வயதை ஒட்டி நின்றுபோகிறது. அதற்குச் சில வருடங்கள் முன்பிருந்தே ஈஸ்ட்ரஜன் என்ற ஹோர்மோன் ஏறி இறங்கிக் குறையத் தொடங்கும். இந்த ஹோர்மோனின் வேலை கர்ப்பப்பையோடு முடிவதில்லை. தூக்கம், உடல் சூடு, ஞாபகம் ஆகியவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. அதனால்தான் திடீரென உடம்பு கொதிக்கிறது, இரவில் வியர்த்துத் தூக்கம் கலைகிறது. அப்படி அரைத் தூக்கத்தோடு விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு மலை ஏறுபவருக்குக் கவனம் சிதறாமல் என்ன செய்யும்? இந்தக் காலத்தில் சிலருக்கு உதிரப்போக்கு அதிகமாகி இரத்தச்சோகையும் சேர்ந்துகொள்கிறது.

இது புத்தி மங்குவதல்ல. பெரும்பாலானவர்களுக்கு இந்த மறதி சில காலத்தில் குறைந்துவிடும். ஆனால் அந்த இடைக்காலம் ஆபத்தானது. சறுக்கும் சரிவில் ஒரு நொடி கவனம் தவறினால் கால் முறியும். குளவிக்கூட்டைக் கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பணத்திலும் நட்டம் பெரியது. பெண்கள் 50 வயதில் ஊழியர் சேமலாப நிதியைப் பெறலாம். ஏச்சும் களைப்பும் தாங்காமல் அந்த வயதிலேயே வேலையை விட்டு நிற்பவர்கள் பலர். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தனியார் துறையில் ஓய்வு பெறும் ஆகக்குறைந்த வயதை 60 ஆக்கியிருக்கிறது. சேவைக்காலப் பணம், வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். பத்து வருடம் முந்தி நின்றால் 140 நாள் சம்பளம் கைவிட்டுப் போகிறது. அந்தப் பத்து வருடத்துக்கு நிர்வாகம் சேமலாப நிதியில் போட வேண்டிய 12 சதவீதமும் போகிறது.

“இதைப் பேசினால், வயதான பெண்கள் வேலைக்கு உதவமாட்டார்கள் என்று நிர்வாகம் சொல்லாதா?” என்று சிலர் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது. ஆனால் நாம் பேசாததால் அவர்களுக்கு என்ன கிடைத்தது? அரைப்பேரும் அவமானமும்தான். காரணம் தெரியாதவரை “சோம்பல்” என்ற சொல்தான் நிற்கும். 1984இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் என்பதை வென்றோம். சம்பளம் சமமானது. பெண்ணின் உடம்போ இன்னும் பேச்சுவார்த்தை மேசைக்கு வரவில்லை.

ஆகவே நிர்வாகங்களிடம் நாம் கேட்பது இவை. கிளினிக் போகும் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. மலைக்குப் பக்கத்தில் மலசலகூடமும் குடிதண்ணீரும் வேண்டும். உடம்புக்கு முடியாதவருக்கு அந்தக் காலத்தில் செங்குத்தான மலையை விட்டு வேறு இடம் கொடுக்க வேண்டும். கங்காணிமாருக்கும் வெளிக்கள உத்தியோகத்தர்களுக்கும் இதைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

சகோதரிகளே, நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. 35 வயதைத் தாண்டியவர்களுக்காக சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் சுகவனிதையர் கிளினிக் இலவசமாக நடக்கிறது. நாளும் இடமும் குடும்பநல மாதுவிடம் கேட்டறியுங்கள். மறதியும் களைப்பும் தைரொயிட் குறைவாலும் வரலாம், இரத்தச்சோகையாலும் வரலாம். இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. சாப்பாட்டோடு சாயத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு மறுபடி இரத்தம் பட்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

தோட்டத் தலைவர்மாருக்கும் ஒரு வார்த்தை. இது பொம்பிளைகள் சமாச்சாரம் என்று ஒதுங்க வேண்டாம். அரைப்பேர் விழுந்த ஒரு பெண்ணின் பிரச்சினையைத் துரையிடம் கொண்டுபோகுமுன், அவர் உடம்புக்கு என்ன என்று மாதர் பிரிவுத் தலைவி மூலம் கேட்டறியுங்கள். கணவன்மாரும் பிள்ளைகளும் விடியற்காலை வேலையில் பாதியைக் கையில் எடுங்கள். இன்னும் ஒரு மணி நேரம் தூங்கக் கிடைத்தால் அதுவே அவருக்குப் பெரிய உதவி.