இடப்பக்கம் காணவில்லையா?

பிரசவமாகிப் பன்னிரண்டு நாள். விடாத தலைவலி என்று ஆவடிப் பக்கமிருந்து வந்திருந்த பச்சை உடம்புக்காரி. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் அம்மா வெளியே பெஞ்சில். எம்.ஆர். வெனோகிராமில் வலது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் ஆறு மாதிரி ஓடியது. இடது பக்கம் இற்றுப்போன நூல், நடுவில் அதுவும் அறுந்திருந்தது. இரவு ஒன்பதரைக்கு நான் எழுதிக் கொடுத்த வரி: “இடது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் தெரியவில்லை; த்ராம்போசிஸ் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளவும்.”

அந்த வரிக்காக அவள் ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்டாள். பிறகு வார்ஃபரின், கைக்குழந்தையோடு ரயிலேறி ஐ.என்.ஆர். பார்க்க அலைச்சல். சில மாதம் கழித்து மறுபடி எடுத்த படத்தில் இடப்பக்கம் துளியும் மாறவில்லை. அப்போதுதான் பழைய படங்களை நிதானமாகத் திறந்தேன். டி1, டி2 இரண்டிலும் அந்த இடத்தில் ரத்தக்கட்டி இல்லை. இடது ஜுகுலர் துளையே சிறியது. எலும்பில் சிக்மாய்ட் பள்ளமும் ஆழமில்லை. பிறவியிலேயே ஒடுங்கிய சைனஸ். எம்.ஐ.பி. படத்தை மட்டும் சுழற்றிப் பார்த்துவிட்டு ரிப்போர்ட் எழுதியது என் தப்பு.

பயம் வீணானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன், கர்ப்பத்திலும் பேறுகாலத்திலும் மூளை ரத்தக்குழாய் அடைபட்ட 135 பேரைப் பற்றி 1983-இல் எழுதினார். நம் ஊர்ப் பிள்ளைபெற்றவளின் தலைவலியை எந்த ரேடியாலஜிஸ்டும் லேசாக விடக் கூடாது. அதனால்தான் இயல்பு எது என்பது நமக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டியிருக்கிறது.

2000-ஆம் ஆண்டில் அயன்சென் குழுவினர், எம்.ஆர்.ஐ. இயல்பாக இருந்த 100 பேரின் வெனோகிராம்களைப் பார்த்தார்கள். இடது டிரான்ஸ்வர்ஸ் சைனஸ் 39 பேரிடம் ஒடுங்கியிருந்தது, 20 பேரிடம் தெரியவே இல்லை. வலப்பக்கம் முறையே 6, 4. ஆக, இரண்டு பக்கமும் சமமாக இருப்பதுதான் சிறுபான்மை. 31 பேரிடம் சைனஸ் நடுவே அறுந்தாற்போல் இடைவெளி. பெரிய பக்கத்தில் ஒன்றுகூட இல்லை, பெரும்பாலும் சிறிய பக்கத்தில். சுப்பீரியர் சஜிட்டல் சைனஸ், ஸ்ட்ரெய்ட் சைனஸ், கேலன் சிரை எல்லாரிடமும் தெரிந்தன. இவற்றில் ஒன்று காணாமல் போனால் பதறலாம். இடது டிரான்ஸ்வர்ஸ் விஷயத்தில் முதலில் ஒரு மூச்சு விடலாம்.

அந்த இடைவெளியில் பாதி இயந்திரம் உண்டாக்குவது. 2டி டைம்-ஆஃப்-ஃப்ளைட்டில், ஸ்லைஸுக்குள் புதிதாக நுழையும் ரத்தம்தான் பளிச்சென்று தெரியும். ஸ்லைஸின் தளத்திலேயே நெடுக ஓடும் ரத்தம் திரும்பத் திரும்ப அலை வாங்கி மங்கிவிடும். கொரோனலில் எடுத்தால் இடவலமாக ஓடும் டிரான்ஸ்வர்ஸுக்கு இந்தக் கதிதான். சாய்த்து எடுங்கள், அல்லது சஜிட்டலில் ஒருமுறை ஓட்டுங்கள் என்று டெக்னீஷியனிடம் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஃபேஸ் கான்ட்ராஸ்ட்டில் வென்க் எண்ணை மிக உயர்த்தி வைத்தாலும் மெல்லோட்டச் சிரைகள் காணாமல் போகும். ஏமாற்றம் மறுபக்கத்திலிருந்தும் வரும். ஒரு வாரம் கடந்த கட்டி டி1-இல் வெண்மையாக இருப்பதால் டைம்-ஆஃப்-ஃப்ளைட்டில் ஓடும் ரத்தம்போல் நடிக்கும். முதல் சில நாள் கட்டியோ டி2-இல் கறுத்து, ஃப்ளோ வாய்டு என்று நம்மை நம்பவைக்கும். சைனஸ் ஓரத்தில் உருண்டையாய், மூளைத்தண்டுவடத் திரவத்தின் சிக்னலோடு உட்கார்ந்திருக்கும் பக்கியோனி அரக்னாய்டு கிரானுலேஷனைக் கட்டி என்று எழுதாத ரேடியாலஜிஸ்ட் யாராவது இருந்தால் எனக்குக் கடிதம் போடவும்.

வேலூர் சி.எம்.சி.யிலிருந்து சுரேந்திரபாபுவும் சகாக்களும், குறைந்த காந்தப்புலக் கருவியில் தெரியும் சிரை வேறுபாடுகளையும் கட்டி என்று ஏமாறும் இடங்களையும் 2006-இல் எழுதினார்கள். எல்லா ஊரிலும் 3 டெஸ்லா இல்லாத நாட்டுக்கு அது பொருத்தமான வேலை. ஆனால் இத்தகைய கட்டுரைகளை அடுக்கி வைத்தால் ஒன்றின் எண் மற்றொன்றோடு ஒட்டுவதில்லை. ஒருவர் எதிர்ப்பக்கத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தால் ஒடுக்கம் என்பார், இன்னொருவர் கண்ணளவில் சொல்வார். இயல்பானவர் யார் என்பதிலும் சிக்கல். தலைவலி என்று வந்து, ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று திரும்புகிறவரை நார்மல் என்று எண்ணினால், அவர் வந்த காரணத்தையே கணக்கிலிருந்து அழிக்கிறோம்.

பூந்தமல்லி தாண்டித் தண்டலத்தில் உள்ள சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மெடிஸ்கேன் நிறுவனமும் சேர்ந்துகொள்ள, சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் கருவிலிருக்கும் குழந்தையின் மூளையை 5,132 வெட்டுப் படங்களாக ‘தாரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் வெளியிட்டது. எம்.ஆர். வெனோகிராம் வேறு சமாசாரம்தான். ஆனால் இயல்பை வரைபடமாக்கும் பொறுமை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு உண்டு என்று அது காட்டுகிறது. போரூர் முதல் திருநின்றவூர் வரை ஒவ்வொரு ஸ்கேன் சென்டரிலும் இயல்பான வெனோகிராம்கள் ஹார்டு டிஸ்க்கில் தூங்குகின்றன. இடம் போதவில்லை என்று அவ்வப்போது அழிக்கவும் படுகின்றன.

அழிக்கும் முன் கேட்டுக்கொள்வது இதுதான்: இருபக்க டிரான்ஸ்வர்ஸின் விட்டம், ஜுகுலர் துளை, எந்தத் தளத்தில் எடுத்தது, ஏன் எடுத்தது. எஸ்.டபிள்யூ.ஐ. இருந்தால் லபே, ட்ரோலார் சிரைகளில் எது பெரிது என்றும். டெம்போரல் மடலை விலக்கி அறுவை செய்யப்போகிறவருக்கு லபே எங்கே இறங்குகிறது என்பது முக்கியம். நெறிமுறைக் குழு அனுமதியோடு, பெயர் நீக்கி அனுப்புங்கள். படிவம் அடுத்த இதழில் வரும். அதில் முதல் வரியாக அந்த ஆவடிப் பெண்ணின் இரண்டு படங்களின் அளவுகளையும், என் பழைய ரிப்போர்ட்டையும் சேர்த்தே பதிகிறேன்.