பூட்டிய இமெயிலின் சாவி யாரிடம்?

கோவளத்தில் தொடங்கி கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர் வரை நிலம் வைத்திருக்கும் விவசாயிகளிடம் ‘உங்கள் இமெயில் முகவரி என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். சிலர் பட்டா நகலோடு மடித்து வைத்திருக்கும் துண்டுச் சீட்டை எடுப்பார்கள். முகவரி இருக்கும், பாஸ்வேர்டு இருக்காது. செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆவதற்கு முன்பு, ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காக ஜெராக்ஸ் கடைத் தம்பி உருவாக்கிக் கொடுத்த கணக்காக இருக்கும். அந்தத் தம்பி எங்கே போனாரோ, கடையே இன்று இருக்கிறதோ இல்லையோ!

‘விவசாயிக்கு இமெயில் எதற்கு?’ என்று நீங்கள் கேட்கலாம். ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் திட்டத்துக்கு அது தேவையில்லை என்பது உண்மைதான். ஆதாரும் அதோடு இணைந்த கைப்பேசி எண்ணும் போதும். ஆனால் விளைபொருளைச் சேர்ந்து விற்கத் தொடங்கியவர்கள், அங்ககச் சான்று பெற விரும்புகிறவர்கள், ஜி.எஸ்.டி. பதிவு எடுத்தவர்கள் ஆகியோருக்குக் கடிதமும் நோட்டீஸும் இமெயிலில்தான் வருகின்றன. பூட்டிக் கிடக்கும் பெட்டிக்குள் நோட்டீஸ் விழுந்தாலும் சட்டத்தின் கணக்கில் அது உங்களுக்கு வந்து சேர்ந்ததுதான்.

இதில் அதிகம் அடிபடுவது உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள். பெயரில் உழவர் இருந்தாலும் இவை கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான கம்பெனிகள். ஆண்டுக் கணக்கையும் ஆண்டறிக்கையையும் இணையதளத்தில் தாக்கல் செய்ய வேண்டும். இயக்குநர்களின் கே.ஒய்.சி.யை முடிக்கக் கைப்பேசிக்கு ஒரு ஓ.டி.பி., இமெயிலுக்கு ஒரு ஓ.டி.பி. வரும். இமெயில் திறக்கவில்லை என்றால் வேலை அங்கேயே நின்றுவிடும். தாக்கல் தாமதமானால் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். 90 நாள் தள்ளிப்போனால் ஒரு படிவத்துக்கே 9,000 ரூபாய். இது உறுப்பினர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பங்குத் தொகையில் இருந்துதான் போகும். இத்தனைக்கும் காரணம், நிறுவனம் தொடங்கிய நாளில் இருந்த முதன்மைச் செயல் அலுவலர் தன் சொந்த எண்ணில் கணக்குத் தொடங்கிவிட்டு, வேறு வேலைக்குப் போனதாக இருக்கும். அவர் மீது தவறு சொல்லவும் முடியாது. யாரும் அவரிடம் கேட்டு வாங்கவில்லை.

இனி மீட்கும் வழிக்கு வருவோம். பெரும்பாலோர் வைத்திருப்பது ஜிமெயில் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறோம். கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023 மே மாதம் அறிவித்து, அந்த ஆண்டு டிசம்பரில் இருந்து நடைமுறைப்படுத்தியது. அப்படி நீங்கிப்போன முகவரியில் மறுபடி கணக்குத் தொடங்க முடியாது. ஆனால் அதற்குள் நம்பிக்கை இழக்க வேண்டாம். அந்தக் கணக்கில் நுழைந்த நிலையில் உள்ள போனில் யூடியூப் பார்த்திருந்தாலே கணக்கு பயன்பாட்டில் இருந்ததாக எடுத்துக்கொள்வார்கள்.

அதனால் முதலில் தேட வேண்டியது பாஸ்வேர்டை அல்ல, பழைய போனை. பரணில், அலமாரியில், பிள்ளைகள் விளையாடக் கொடுத்த இடத்தில் தேடுங்கள். திரை உடைந்திருந்தாலும் சார்ஜ் ஏறினால் போதும். அந்தக் கணக்கு அதில் இன்னும் திறந்தே இருக்கலாம். கடைக்காரர் ‘ரீசெட் போட்டுத் தருகிறேன்’ என்றால் கொடுத்துவிடாதீர்கள். ரீசெட் செய்தால் திறந்திருந்த கணக்கும் மூடிக்கொள்ளும். சில போன்கள் அதே பழைய இமெயிலின் பாஸ்வேர்டைக் கேட்டு முரண்டு பிடிக்கும்.

போன் கிடைக்கவில்லை என்றால் கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போக வேண்டும். இதை இ-சேவை மையத்துக் கணினியில் செய்வதைவிட, முன்பு அந்தக் கணக்கைப் பயன்படுத்திய போனில் அல்லது கணினியில், வழக்கமாக இருந்த இடத்தில் இருந்தே செய்வது நல்லது. பழகிய கருவியா, பழகிய இடமா என்பதையும் கூகுள் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. கேள்விக்குப் பதில் உறுதியாகத் தெரியாவிட்டாலும் விட்டுவிடாமல் ஊகித்து எழுதுங்கள். நினைவில் உள்ள பழைய பாஸ்வேர்டு எதுவானாலும் கொடுங்கள். சில நேரம் சில மணி நேரமோ சில நாட்களோ காத்திருக்கச் சொல்லும். சொர்ணவாரி நாற்று முளைக்கக் காத்திருக்கிறோம், இதற்கும் காத்திருக்கலாம்.

பலருக்குச் சிக்கல் வருவது சிம்மில்தான். ஓ.டி.பி. போகும் எண் இன்று யாரிடம் இருக்கிறது? ரீசார்ஜ் கட்டணம் ஏறியதும் இரண்டாவது சிம்மைக் கைவிட்டவர்கள் நம் கிராமங்களில் ஏராளம். 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாய்கூட இல்லாமல் கிடந்தால் பிரீபெய்டு எண்ணைத் துண்டித்துவிடலாம். பிறகு குறைந்தது 90 நாள் கழித்து அதே எண் வேறொருவருக்குப் போகும். இதை 2023-ல் உச்ச நீதிமன்றத்திலேயே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. உங்கள் பழைய எண் இப்போது முகம் தெரியாத ஒருவரின் கையில் இருக்கலாம் என்பது இதன் பொருள். சிம் தொலைந்து மட்டும் போயிருந்தால் கவலையில்லை. அடையாளச் சான்றோடு போய் அதே எண்ணில் புது சிம் வாங்கலாம். வாங்கிய முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. அது மோசடியைத் தடுக்க வைத்த விதி. அதற்குள் பதறிப்போய் ஓ.டி.பி. கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம்.

பதற்றத்தில் செய்யும் இன்னொரு தவறு, ‘ஜிமெயில் வாடிக்கையாளர் எண்’ என்று இணையத்தில் தேடி அழைப்பது. கணக்கை மீட்டுத் தர கூகுள் தொலைபேசிச் சேவை எதையும் நடத்தவில்லை. கட்டணம் கேட்பவரும், ‘உங்களுக்கு வரும் எண்ணைச் சொல்லுங்கள்’ என்பவரும் மோசடிக்காரர்களே. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

எவ்வளவு முயன்றும் திறக்காத கணக்குகள் உண்டு. அப்போது கணக்கை விட்டுவிட்டு, அது பதிவாகி இருக்கும் இடங்களை மாற்ற வேண்டும். ஜி.எஸ்.டி.யில் இடைத்தரகர்கள் தங்கள் இமெயிலையும் போன் எண்ணையும் கொடுத்துப் பதிவு செய்துவிட்டு, விவரத்தைத் தர மறுப்பதாகப் புகார்கள் குவிந்தன. அதனால் உரிய ஆவணங்களோடு நேரில் வந்தால் வரி அலுவலரே இவற்றை மாற்றித் தரும் வழியை 2018-ல் அரசு அறிவித்தது. ஆதாரில் கைப்பேசி எண்ணை மாற்ற ஆதார் மையத்துக்குப் போகலாம். 2021 முதல் தபால்காரர் மூலமும் அந்தச் சேவை கிடைக்கிறது. ஓ.டி.பி. வராதவருக்கும் கதவு திறக்க வேண்டும் என்றால், ஆளைப் பார்த்து, ஆவணத்தைப் பார்த்து மாற்றித் தரும் ஒரு மேசை இருக்க வேண்டும். விவசாயி தொடும் ஒவ்வொரு இணையதளத்துக்கும் வட்டார அளவில் அப்படி ஒரு மேசை வேண்டும் என்பதே நம் கோரிக்கை. பழைய இமெயிலுக்கு ஓ.டி.பி. அனுப்பிவிட்டு, அந்த இமெயிலை மாற்றவும் அதே ஓ.டி.பி.யைக் கேட்பது கிணற்றில் விழுந்த கயிற்றை எடுக்க அதே கயிற்றைக் கேட்பது போன்றது.

வேளாண் உதவி அலுவலர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முகாமில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது, விண்ணப்பம் சீக்கிரம் முடியட்டும் என்று உங்கள் எண்ணையோ அலுவலக இமெயிலையோ போட்டுவிடும் சங்கடம் புரிகிறது. போனே இல்லாத மூதாட்டிக்கு வேறு என்னதான் செய்வது? அவர் வீட்டில் உள்ள ஒருவரின் எண்ணைப் போட்டு, அது யாருடையது என்று ஒப்புகைச் சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுங்கள். உங்களுக்கு மாறுதல் வந்த பிறகும் அந்த எண் அவருக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்.

உற்பத்தியாளர் நிறுவன இயக்குநர்கள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே இதைப் பேசிவிடுங்கள். நிறுவன இமெயிலின் மீட்பு எண் யாருடையது என்று அங்கேயே திறந்து பாருங்கள். விலகிப் போனவரின் எண்ணாக இருந்தால் அதே கூட்டத்தில் மாற்றி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எண்ணை மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய எண்ணுக்கே குறியீடு போக வாய்ப்புண்டு என்பதால், விலகியவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பை வைத்தால் கூகுள் 10 மாற்றுக் குறியீடுகளைத் தரும். அவற்றை அச்செடுத்து, நிறுவன முத்திரை இருக்கும் அதே பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள்.