நிறுவையும் நீதியும்

ஒரு தொழில்நுட்பத் திட்டம் வெற்றி பெற்றதா என்று தீர்ப்புக் கூறும் உரிமை யாருக்குரியது? திட்டத்தை வகுத்தோர்க்கும் அதற்குப் பணம் முடக்கியோர்க்கும் மட்டுமே உரியதென்ற எண்ணம் இன்று வேரூன்றியுள்ளது. அதன் பொய்ம்மையைக் காண ஹற்றன், நுவரெலியாத் தேயிலை மலைகளுக்குச் சென்றாற் போதும்.

அண்மைக் காலத்தில் தோட்டங்கள் சிலவற்றில் கொழுந்து நிறுக்க மின்னியல் தராசு வந்துள்ளது. கணக்கப்பிள்ளையின் பென்சில் செய்த வேலையைக் கருவியும் கணினியும் செய்கின்றன. நிர்வாகத்தின் கண்ணில் இது வெற்றியே: நேரம் மிஞ்சுகின்றது, சம்பளப் பட்டியல் விரைவில் முடிகின்றது. கருவியை விற்றவர்க்கோ, அது பழுதின்றி இயங்கினாலே வெற்றி.

கொழுந்து பறிக்கும் பெண்ணின் அளவுகோல் வேறு. நாளொன்றுக்குக் குறித்த நிறையை, பல தோட்டங்களில் 18 கிலோவை, எட்டினாற்றான் அவளுக்கு முழுப்பெயர், குறைந்தால் அரைப்பெயர். ஒரு கிலோக் குறைவு அரைநாட் கூலியையே பறித்துவிடலாம். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கழிக்கப்படும் கிலோக்களைப் பற்றிய முறைப்பாடோ மலையகத்தில் நெடுங்காலமாக நிலவுவது. தராசு பொய் கூறாது என்பர். மெய்தான், ஆனால் கழிவைத் தீர்மானிப்பது தராசன்று, மனிதரே. பென்சிற் கணக்கோடு வாதாட முடிந்தது. ‘கணினி அப்படித்தான் காட்டுகின்றது’ என்ற சொல்லோடு எவர் வாதாடுவது?

இது வெற்றச்சமன்று. பிரித்தானிய அஞ்சலகங்களில் 1999 முதல் புகுத்தப்பட்ட ‘ஹொரைசன்’ கணினிக் கணக்குமுறை நம்பத்தக்கதென அஞ்சல் நிர்வாகம் பல்லாண்டு சாதித்தது. அது காட்டிய பொய்யான பணக்குறைவுகளுக்காக உப அஞ்சலதிபர் நூற்றுக்கணக்கானோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். சிலர் சிறையும் சென்றனர். அத்தீர்ப்புகளை ஒருங்கே நீக்க 2024இல் பாராளுமன்றமே சட்டமியற்ற வேண்டியதாயிற்று. எழுத்தும் சட்டமும் அறிந்த அவர்களுக்கே நீதி இத்துணைத் தாமதித்ததெனின், லயத்தில் வாழ்பவளின் நிலை யாது?

மின்னியல் தராசு வேண்டாமென்பதன்று வாதம். ஏமாற்றைத் தடுக்கும் ஆற்றலும் அதற்குண்டு. அவ்வாற்றல் தொழிலாளிக்கும் பயன்பட வேண்டுமென்பதே கோரிக்கை. மொத்த நிறை, கழிவு, எஞ்சிய நிறை ஆகிய மூன்றையும் காட்டும் தமிழ்த் துண்டு ஒவ்வொரு நிறுவையிலும் அவள் கைக்கு வரட்டும். கழிவுக்குக் காரணம் கூறப்படட்டும். ஐயம் தோன்றின் அவ்விடத்திலேயே மறுநிறுவை கேட்கும் உரிமை அவளுக்கு இருக்கட்டும். கருவியைச் சோதிக்கும்போது தொழிலாளர் பிரதிநிதியும் உடன் நிற்கட்டும்.

இவை கிட்டாதவரை, ஆண்டறிக்கைகள் எவ்வளவு புகழினும் அவ்வெற்றி குறைவெற்றியே. கிலோக் குறைந்தவளுக்கு அரைப்பெயர் போடும் நிர்வாகம், தன் திட்டத்துக்கும் அரைப்பெயரே போட்டுக்கொள்ளட்டும்.