தலைவரை மாற்றினால் போதுமா?

இலங்கை அணி தோற்ற மறுநாள் காலையில், "கெப்டன மாத்தணும்" என்ற பேச்சு பஸ்ஸிலும் கேட்கும், பாடசாலை வாசலிலும் கேட்கும். எங்கள் வீட்டில் வாப்பாவும் நானாவும் தேநீர் ஆறுவதற்குள் புதிய தலைவரையே தெரிவு செய்துவிடுவார்கள். கிரிக்கெட்டில் பெண் பிள்ளைக்கு என்ன கருத்து என்று எண்ணாமல், என் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

2017ஆம் ஆண்டில் மட்டும் நமது ஆண்கள் அணிக்கு ஒருநாள் போட்டிகளில் அஞ்சலோ மெத்திவ்ஸ், உபுல் தரங்க, சாமர கப்புகெதர, லசித் மாலிங்க, திசர பெரேரா என ஐவர் தலைமை தாங்கினர். சில மாற்றங்களுக்குத் தடையும் காயமும் காரணம் என்பது உண்மைதான். ஆனால் அவ்வாண்டில் சொந்த மண்ணிலேயே சிம்பாப்வேயிடம் தொடரை இழந்தோம். இந்தியாவிடம் ஐந்து ஒருநாள் போட்டிகளிலும் தோற்றோம். தலைவர்கள் மாறினார்கள், முடிவு மாறவில்லை.

இனி நமது பெண்கள் அணியைப் பாருங்கள். 2022 ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் சமரி அத்தபத்துவின் அணி 20 ஓவர்களில் 65 ஓட்டங்களை மட்டுமே பெற்று, இந்தியாவிடம் 8 விக்கெட்டுகளால் தோற்றது. அதன் பிறகும் தலைமை அவரிடமே இருந்தது. 2024 ஜூலையில் தம்புள்ளையில் அதே இந்தியாவை அதே 8 விக்கெட்டுகளால் வென்று, முதன்முறையாகக் கிண்ணத்தைக் கைப்பற்றினார்கள். 2022இலேயே அவரை நீக்கியிருந்தால் அந்த நாள் நமக்குக் கிடைத்திருக்குமா?

அப்படியானால் தலைவரை மாற்றவே கூடாதா? மாற்றலாம். 2019இல் டெஸ்ட் தலைமை திமுத் கருணாரத்னவிடம் வந்ததும், தென்னாபிரிக்காவில் டெஸ்ட் தொடரை வென்ற முதல் ஆசிய அணியானோம். ஆனால் தோல்விக்குப் பழி சுமக்க ஓர் ஆளைத் தேடுவது வேறு, அணியைக் கட்டியெழுப்ப ஒருவரைத் தேடுவது வேறு.

1995 டிசம்பரில் மெல்பேர்னில் முரளிதரனின் பந்துவீச்சை நடுவர் முறையற்றது என அறிவித்தபோது, அர்ஜுன ரணதுங்க அவரைக் கைவிடவில்லை. மூன்று மாதங்களின் பின் லாகூரில் அவுஸ்திரேலியாவை வென்று உலகக் கிண்ணத்தைத் தூக்கிய அணியில் முரளியும் இருந்தார்.

எனவே தெரிவுக் குழுவினர் ஓட்டக் கணக்கை மட்டும் பார்க்கக் கூடாது. இளம் வீரர் ஒருவர் முக்கியமான பிடியைத் தவறவிட்டால் அவரை முறைப்பவரா, அவர் தோளில் கை போடுபவரா என்பதையும் பார்க்க வேண்டும். அப்படி ஒருவரைக் கண்டுபிடித்தால் இரண்டு வருடங்களாவது அவரிடம் அணியை ஒப்படைக்கட்டும். அதற்கிடையில் இரண்டு மூன்று தொடர்களில் தோற்கவும் கூடும். அந்தத் தோல்விகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டியவர்கள் ரசிகர்களாகிய நாம்தான்.