சுற்றுச்சூழல் பாடத்துக்கு ஆசிரியர் எங்கே?

கலை அறிவியல் கல்லூரிகளில் டைம்டேபிள் போடும் நாளில் ஒரு பேரம் நடக்கும். உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு கணக்குக் காட்ட வேண்டும். யாருக்காவது இரண்டு மணி குறைந்தால், “ஈ.வி.எஸ். எடுத்துக்கோங்க சார்” என்பார் துறைத்தலைவர். அவர் வணிகவியலா, கணிதமா, தமிழா என்பது பொருட்டில்லை. ஆம்பூர், வாணியம்பாடிப் பிள்ளைகள் வந்து படிக்கும் கல்லூரியில் வேதியியல் ஆசிரியையாக இருந்த நான், அந்தச் சுற்றுச்சூழல் தாளை விரும்பிக் கேட்டு வாங்கி நடத்தியவள். என் அனுபவத்தில் சொல்கிறேன்: பாடம் இருக்கிறது, அதற்கென்று ஆசிரியர் இல்லை.

இந்தப் பாடம் நீதிமன்றம் தந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பிறகு இளநிலை மாணவர் அனைவருக்கும் பொதுத் தாளாக பல்கலைக்கழக மானியக் குழு அதைக் கொண்டுவந்தது.

அந்தத் தாளில் எங்கள் ஊர் வழக்கும் வரும். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. பிள்ளைகள் இதை இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களில் பலருடைய அப்பாவுக்கு டேனரியில்தான் வேலை.

வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் கொண்டுவரச் சொல்வேன். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியில்லாத ஊரில் 2,000 வரை பொறுக்கலாம். டி.டி.எஸ். மீட்டரை முக்கினால் வகுப்பே எழுந்து நிற்கும். “இவ்ளோ காட்டுதே, எல்லாம் குரோமியமா மேடம்?” இல்லை. தோல் பதனிடும் குரோமியம் மீட்டருக்குத் தனியாகத் தெரியாது. அதற்கு வேறு சோதனை. கெடாமல் இருக்கப் பச்சைத்தோலில் தடவிய உப்பு, முதல் ஊறலிலேயே தண்ணீருக்கு வந்துவிடும். மழை குறைந்த பாறை நிலத்தில் நிலத்தடி நீரே இயல்பாக உவர்ப்பதும் உண்டு. எது எவ்வளவு என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? அறிவியல் அங்கே தொடங்குகிறது. “டேனரியை மூடிட்டா எங்கப்பா எங்க போவார்?” என்று ஒரு பெண் கேட்டாள். நிலைத்த வளர்ச்சி என்று புத்தகம் சொல்வதன் முழுச் சிக்கலும் அந்தக் கேள்வியில் இருந்தது.

இந்த வேலைக்குப் பதவி உயர்வில் என்ன மதிப்பு? மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, அறிவியல் துறையில் அங்கீகரித்த இதழில் ஒரு கட்டுரை வந்தால் 8 புள்ளி. மாணவரைக் கிணறு கிணறாக அழைத்துப் போவது, மாணவர் மன்றம் நடத்துவதோடு ஒரே வரியில் சேரும் ‘களச் செயல்பாடு’, ஒரு டிக். அதே கிணறுகளைப் பத்தாண்டு தொடர்ந்து அளந்தாலும் அதே டிக்தான்.

1996 தீர்ப்பு எதன்மேல் நின்றது என்று பாருங்கள். தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுதாகவோ விளைச்சலுக்கு உதவாமல் போனது என்ற மதிப்பீட்டை நீதிபதிகள் எடுத்துக்காட்டினார்கள். அதைத் தந்தது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம். உள்ளூரில் யாரோ வயலில் இறங்கிக் கணக்கெடுத்ததால் வழக்குக்கு வலு வந்தது. இன்று அப்படி இறங்குகிற இளம் ஆசிரியரிடம், “முதல்ல பேப்பர் போடுங்க” என்கிறோம்.

இரண்டு மாற்றங்கள் போதும். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. அதில் தேறியவர்களுக்குக் கல்லூரிதோறும் ஒரு நிரந்தரப் பணியிடமாவது வேண்டும். உள்ளூர் நீர், மண், காற்றைத் தொடர்ந்து அளந்து பொதுவில் வைக்கும் பதிவை ஆராய்ச்சியாகக் கணக்கிட்டுப் புள்ளி தர வேண்டும்.

எண்களை இட்டுக்கட்டினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். காசு வாங்கிக்கொண்டு கட்டுரை போடும் இதழ்கள் மலிந்த காலத்தில் இந்தக் கேள்வி கிணற்றுக்கு மட்டும் ஏன்? பக்கத்துக் கல்லூரி ஒரு மீட்டரோடு வந்து அதே கிணற்றை மறுபடி அளக்கட்டும். பொய் ஒரே மதியத்தில் தெரிந்துவிடும்.