தேயுங்க... ஆனா நேரா தேயுங்க!

செஞ்சிக் கோட்டையை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதிலிருந்து எங்க வீட்டுக்கு வருகிற விருந்தாளி ஒவ்வொருத்தருக்கும் ராஜகிரி ஏறியே தீரணும். சுமார் 800 அடி! அந்தக் கருங்கல், கூலி வாங்காமல் யாரையும் இறக்கி விடாது. முழங்கால் ஒரு பங்கு, வாட்ச் செயின் ஒரு பங்கு.

ஸ்டீல் செயின் என்றால் கவலை வேண்டாம். வெளிச்சத்தில் உத்துப் பாருங்க. கண்ணிகளின் மேல்பக்கம் முடி மாதிரி நுண்கோடுகள் நீளவாக்கில் ஓடும். அது கீறல் இல்லை சார், கம்பெனிக்காரனே போட்டது! அந்தக் கோட்டைத் திரும்பப் போடுவதுதான் முழு வித்தையும்.

முதலில் வாட்ச்சைச் செயினிலிருந்து கழற்றணும். ஸ்பிரிங் பின் பறந்து பீரோவுக்கு அடியில் போய்விடும், வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள். செயினைச் சோப்புத் தண்ணீரில் போட்டுப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் ஒரு கறுப்புத் தண்ணீர் வரும். (சம்சாரத்திடம் காட்ட வேண்டாம்.) காய்ந்ததும் பளபளப்பான இடங்களை செல்லோ டேப்பால் மூடிவிட்டு, பலகையில் நீட்டி வைத்து, பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்காட்ச்-பிரைட்டால் ஒரே திசையில், கோடு ஓடுகிற வாக்கில், லேசாக இழுங்கள். வட்டமாகத் தேய்த்தால் மார்கழிக் கோலம்தான்! சாதா இரும்பு நார் வேண்டாம். அதன் துணுக்குகள் செயினில் ஒட்டித் துருப்பிடிக்கும். பளபளக்கும் ஓரத்துக்கு, குத்துவிளக்குக்குப் போடுகிற பிராஸோ ஒரு சொட்டு, பனியன் துணியில்.

ஆழமான பள்ளத்தோடு சண்டை போடாதீங்க. ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகம் கொஞ்சம் போகிறது. கண்ணியின் கூர்மையான விளிம்பு மழுங்கினால் திரும்ப வராது.

இதையெல்லாம் கேள்விப்பட்டு பக்கத்துத் தெரு தம்பி வந்தான். அடுத்த வாரம் அவனுக்குக் கல்யாணம். கையில் காலமான அப்பாவின் எச்.எம்.டி. வாட்ச், தங்கக் கலர் செயின், இன்னொரு கையில் பச்சை நார்!

"அண்ணே, நல்லா தேச்சுக் குடுங்க. தாலி கட்டும்போது இதைத்தான் கட்டப் போறேன்."

"தம்பி, நாரைக் கீழே வை!"

தங்க முலாமின் கனத்தை மைக்ரானில் சொல்வார்கள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். இரண்டு இழுப்பில் அப்பாவின் தங்கம் நாரோடு போய், அடியில் இருக்கிற உலோகம் பல்லிளிக்கும். வேறு வாங்கிக்கலாம் என்றும் சொல்ல முடியாது. 1961-ல் பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்த எச்.எம்.டி.யின் கடிகாரக் கம்பெனியை மூட 2016-லேயே மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. பழைய மாடலுக்கு ஒரிஜினல் செயின் தேடி அலையணும்.

செயினைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் பிரஷ் மட்டும் போட்டோம். இடுக்கில் இருந்த அழுக்கு போனதுமே பளிச்சென்று ஆனது. கொக்கியில் மட்டும் முலாம் ஏற்கெனவே போயிருந்தது. பையனுக்கு முகம் வாடிவிட்டது.

"கொக்கி மணிக்கட்டுக்கு உள்பக்கம்தானேப்பா இருக்கு? பொண்ணு கழுத்தைப் பார்க்கிற நேரத்தில் எவன் அதைப் பார்க்கப் போறான்?" என்றேன்.

"வீடியோக்காரன் பார்ப்பானே அண்ணே!"