வெறும் தண்ணீர்தானே!

"வெறும் தண்ணீர்தானே! அதனால் என்ன வந்துவிடப் போகிறது?"

சென்ற தை மாதத்தில் நானே சொன்ன சொல் இது. சொன்ன வாயை இன்று நானே கடிந்துகொள்கிறேன். வீட்டுக் கதையை நம் சங்க மலரில் எழுதுவானேன் என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. அதை முடிவில் சொல்கிறேன்.

என் பெரியப்பா தென்காசிக்காரர். குற்றாலத்து அருவியில் தலையைக் கொடுத்தால் தீராத உடல்வலி உலகத்தில் இல்லை என்று நம்பி வளர்ந்த தலைமுறை. கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தார். கட்டைப் பிரித்த பிறகும் கால் மடங்க மறுத்தது. மகனிடம் இருந்து மருத்துவம் பார்த்துக்கொள்ளலாம் என்று டில்லிக்கு வந்தார். அண்ணனோ காலையில் அலுவலகம் போனால் இரவில் திரும்புகிறவர். பெரியப்பாவுக்கு இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. எனவே, துணையாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் நான் அமர்த்தப்பட்டேன்.

வீட்டுக்கு அருகிலேயே ஓர் இயன்முறை மருத்துவ நிலையம். பெயர் வேண்டா. அங்கே ஆளுயரத்தில் பாதிக்கு ஓர் எவர்சில்வர் தொட்டி. அதில் வெந்நீரை நிரப்பி, மோட்டாரால் சுழலவிட்டு, நோயுற்ற காலை அதனுள் வைக்கச் சொல்கிறார்கள். வெம்மை தசையை இளக்கும். சுழலும் நீர் பிடித்துவிடும். இறுகிய மூட்டு அதன்பின் பயிற்சிக்கு இணங்கும். வெளியே டில்லியின் குளிர் எலும்பைக் குடைகிறது; உள்ளே ஆவி பறக்கிறது. பெரியப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஏல, குத்தாலத்தையே கொப்பரைக்குள்ள அடைச்சு வச்சிருக்கானே!" என்றார்.

உதவியாள் என்னைப் பார்த்து, "பானி டீக் ஹை?" என்று கேட்டான்.

"தண்ணி சரியா இருக்கா, பெரியப்பா?"

"சரியாத்தாம்ல இருக்கு."

"டீக் ஹை" என்றேன். வெளியே பெஞ்சில் அமர்ந்து தேர்வுக்குப் படிக்கத் தொடங்கினேன். உதவியாளும் வேறு வேலை பார்க்கப் போய்விட்டான். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்த கால் சிவந்திருந்தது. மாலையில் கொப்புளம், மறுநாள் புண். அது ஆற நான்கு மாதமாயிற்று. கணுக்கால் மடங்குகிறதா என்று கேட்பாரே இல்லாமற் போயிற்று.

என் மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. பெரியப்பாவும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் தவறு எங்கே? கேட்ட கேள்வியிலே தவறு! பதினெட்டு ஆண்டுகளாக நீரிழிவோடு வாழ்கிறவர் அவர். பாதம் மரத்துப்போய் நெடுநாளாயிற்று. சூட்டை அறியாத காலிடம் போய்ச் சூடு சரியா என்று கேட்டால், அது வேறென்ன விடை சொல்லும்?

இது புதிதாகக் கண்ட உண்மையும் அன்று. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் விரல்கள் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். நோயே விரலைத் தின்றுவிடுகிறது என்று உலகம் எண்ணியிருந்த காலம் அது. வலி தெரியாத கை, சுடுவதையும் வெட்டுவதையும் அறியாமல் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது என்று அவர் காட்டினார். வலி ஒரு காவற்காரன். அவன் உறங்கிவிட்ட வீட்டில் திருடன் புகுந்தாலும் தெரியாது. வேலூரில் கண்ட இந்த உண்மை நீரிழிவுக்காரரின் பாதத்துக்கும் பொருந்தும். நம் மண்ணிலே பிறந்த இந்தப் பாடத்தை நாமே மறக்கலாமா?

சுழல்நீர்த் தொட்டியே வேண்டா என்று நான் வாதிட வரவில்லை. இளம்பிள்ளைவாதத்தால் கால் விழுந்த ரூசுவெல்ட்டு 1924-இல் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்சுக்குப் போய், அங்கே வெதுவெதுப்பாக ஊறும் நீரில் பயிற்சி செய்து தெம்பு பெற்றார். பிறகு அவ்விடத்தையே வாங்கி நோயாளர்க்கு நிலையம் அமைத்தார். கலிபோர்னியாவில் பம்பு செய்து விற்ற ஜக்குசி குடும்பத்தில், காண்டிடோ என்பவரின் சிறு மகனுக்கு மூட்டுவாதம். மருத்துவமனையின் சுழல்நீர் அவனுக்கு இதம் தரக் கண்ட தந்தை, 1948-ஐ ஒட்டி, வீட்டுத் தொட்டியிலேயே நீரைச் சுழற்றும் பம்பு ஒன்றைச் செய்தார். பிள்ளைப் பாசத்தில் பிறந்த கருவி அது. அப்படிப்பட்ட கருவியை, நோயாளியை மறந்து வேறு வேலைக்குப் போகிறவர் கையில் விடலாமா என்பதே என் கேள்வி.

மருந்துக்கு அளவு உண்டு. தண்ணீரையும் மருந்தாகக் கொண்டால், அதற்கும் அளவு வேண்டாவா? 60 டிகிரி செல்சியசு வெந்நீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும். 49 டிகிரிக்கே சில நிமிடங்கள் போதும். மரத்துப்போன தோலுக்கும் இரத்த ஓட்டம் குறைந்த காலுக்கும் அதனினும் குறைந்த சூடே தீங்கு செய்யும். வெந்நீரில் கால் வைக்குமுன், ஒரு குழாயில் வெந்நீரும் மற்றொன்றில் தண்ணீரும் எடுத்து, கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் உணர்ச்சி உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை! அந்த இரண்டு நிமிடம் எங்களுக்கு நான்கு மாதத்தை மிச்சப்படுத்தியிருக்கும். நீரின் சூட்டை அளக்க வெப்பமானி வேண்டும்; உதவியாளின் விரல் போதாது.

அடுத்தது தூய்மை. கண்ணுக்குத் தெளிந்த நீரெல்லாம் தூய நீர் அன்று. சூடோமோனாஸ் என்னும் கிருமி ஈரமான குழாய்களிலும் சுழற்றியின் இடுக்குகளிலும் படலமாய்ப் படிந்து வாழும். நீரை மட்டும் மாற்றினால் அது போகாது. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் தொட்டியை வடித்து, தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி கலந்த நீரைச் சுழற்றியினூடே ஓடவிட்டு, அலசி உலர்த்த வேண்டும். இத்தகைய சிறு தொட்டிகளின் நீரில் பத்து இலட்சத்துக்கு 15 பங்கு குளோரின் இருக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2003-இல் வகுத்தது. புண்ணைக் கழுவச் சுழல்நீரைப் பயன்படுத்தவே வேண்டா என்று அந்நாட்டு இயன்முறை மருத்துவர் சங்கம் 2014-இல் அறிவித்தது. புண்ணோடு வருகிறவரைத் தொட்டியில் இறக்குவது அவருக்கும் கேடு, அடுத்து வருகிறவருக்கும் கேடு.

மூன்றாவது மின்சாரம். நீரும் மின்சாரமும் ஒரே தொட்டியில் கூடுகின்றன. தரைக்கம்பி இணைப்பும், கசிவு கண்டால் உடனே மின்னோட்டத்தைத் துண்டிக்கும் கருவியும் இல்லாத தொட்டி, தொட்டியன்று, பொறி. நோயாளி ஈரக் கையால் சுவிட்சைத் தொடவும் கூடாது.

"கோடையில் லாரித் தண்ணீருக்கு அலைகிற டில்லியில், ஆளுக்கு ஒரு தொட்டி நீரைக் கொட்டுவது நடக்கிற காரியமா?" என்று நிலையத்தார் கேட்பர். நியாயமான கேள்விதான். நடக்காது என்றால் தொட்டியை மூடிவைக்கட்டும். சுழல்நீர் பயிற்சிக்கு முன்னோடியே தவிர, அதுவே மருத்துவம் அன்று. இறுகிய கணுக்காலைக் கையால் அசைத்தும், பயிற்சி தந்தும் இயங்க வைக்கும் திறமை நல்ல இயன்முறை மருத்துவருக்கு உண்டு. அரைகுறைத் தொட்டியினும் அந்தக் கைகளே மேல்.

இத்தொழிலை ஒழுங்கு செய்ய டில்லியில் 1997-இல் ஒரு சட்டம் வந்தது. 2021-இல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. தொழில் செய்கிறவர் பெயரைப் பதிவேட்டில் காண்கிறோம். தொட்டியின் நிலையை எங்கே காண்பது? ஒவ்வொரு தொட்டிக்கு மேலும் ஒரு பலகை தொங்கட்டும்: கடைசியாக நீர் மாற்றிய நேரம், இப்போதைய சூடு, குளோரின் அளவு, பொறுப்பாளர் பெயர். இதற்குப் பெரும் பணம் வேண்டா, மனம் வேண்டும்.

நண்பர்களே, இதை நம் மலரில் எழுதிய காரணத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டிலிருந்து டில்லிக்கு மருத்துவம் தேடி வருகிறவர்க்கு நாவாக இருக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! கேட்டதை மொழிபெயர்ப்பதோடு நம் கடமை முடிந்தது என்று நான் எண்ணியிருந்தேன். கேளாததையும் சொல்கிறவனே துணைவன் என்பதைப் பெரியப்பாவின் கால் எனக்குக் கற்பித்தது. "இவருக்கு நீரிழிவு உண்டு, பாதம் மரத்திருக்கிறது" என்று நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மரத்துப்போனதை இந்தியில் 'சுன்' என்பார்கள். ஓரசைச் சொல்! அன்று எனக்கு அது தெரியாது.

விஷ்ணு திகம்பர் மார்க்கில் உள்ள தீனதயாள் உபாத்யாயா தேசிய நிறுவனத்தில், நம் பல்கலைக்கழகத்தின் இணைப்போடு இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பு நடைபெறுகிறது. அங்கே பயில்வோரை ஒரு மாலை நம் சங்கத்துக்கு அழைப்போம். நோயாளியோடு போகிறவன் கேட்க வேண்டியவை எவை, சொல்ல வேண்டியவை எவை, அவற்றுக்குரிய இந்திச் சொற்கள் எவை என்று ஒரு தாளில் எழுதி வாங்குவோம். நாடகமும் நடத்துவோம், பட்டிமன்றமும் நடத்துவோம். இடையே இந்த ஒரு தாளையும் அச்சிட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்வோம்.

பெரியப்பா ஊர் திரும்பிவிட்டார். சென்ற கிழமை தொலைபேசியில் பேசும்போது, "குத்தாலத்துல தண்ணி விழுதுல, வாரியா?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன். இம்முறை வெளியே உட்காரமாட்டேன்.